நம்ம ஆளுக்கு ஒரு இலை

தை மாதக் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிக் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் அதைக் கொண்டுபோய் மாடிப்படியில் வெயில் விழும் இடத்தில் வைத்தேன். அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் நினைவு வந்தது, இனி அது உருகி யாருக்கு ஆகப்போகிறது என்று. நீங்கள் போனது ஐப்பசியில். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, என் கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

எத்தனை வருடமாகப் பழகிய கை! ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். நெஞ்சும் வயிறும் இரண்டு கைகளும் வெந்து ஆறிய இடம். அங்கே வேர்வை வராது, எண்ணெய்ப் பசை ஊறாது, தடவாவிட்டால் இழுத்துப் பிடிக்கும், அரிக்கும். நானோ பகலெல்லாம் ரோஜா ஷெட்டில் பூவைக் கட்டுக்கட்டாகக் கட்டிவிட்டு வருகிறவள். "உன் கையில எண்ணெய் தடவுறியா, முள்ளு தடவுறியா?" என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டு முதுகையும் திருப்பிக் காட்டுவீர்கள். முதுகில் ஒரு காயமும் கிடையாது. "அதுக்கு எதுக்கு எண்ணெய்?" என்றால், "அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்பீர்கள். அந்த வாயை நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்?

அந்த விபத்தை நீங்கள் வாயால் சொன்னதே இல்லை. நான் சொல்லாமல் இருக்க முடியாது. அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றும் வேலை உங்களுக்கு. ஈரம் பட்ட கட்டி ஒன்று உலைக்குள் விழ, உள்ளே உருகிக் கிடந்தது வெடித்துத் தெறித்தது. ஓசூரில் முதலுதவி செய்து பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஷெட்டிலிருந்து போட்ட துணியோடு வந்து நின்றபோது உங்கள் முகத்தை வைத்துத்தான் நீங்கள் என்று தெரிந்தது. கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் நீங்கள் கத்திய கத்தலை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். காதைப் பொத்திக்கொண்டு கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

அப்போதுதான் ஒரு லேடி டாக்டர் என்னைக் கூப்பிட்டார். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். "அம்மா, புண்ணைத் திறந்து போட்டா கிருமி உள்ளே பூந்துடும், உடம்புத் தண்ணி எல்லாம் வெளியே வந்துடும். அவர் தொடையிலேர்ந்து தோல் எடுத்து வைக்கணும். ஆனா இப்போ அவர் தாங்க மாட்டார். அதுவரைக்கும் வேற தோல் போத்தி வைக்கிறோம்" என்றார்.

"என்னுத எடுத்துக்குங்க" என்று முழங்கையை நீட்டினேன்.

சிரித்துவிட்டார். "உயிரோட இருக்கறவங்க கிட்ட வேண்டாம்மா. இறந்துபோனவங்க குடுத்துட்டுப் போனது இருக்கு. பதப்படுத்தி பேங்க்ல வச்சிருக்கோம். ரத்த குரூப் கூடப் பொருந்த வேண்டியதில்ல."

செத்தவர் தோலா! உங்களுக்குச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டேன். போர்த்திய அன்று சாயங்காலம் நீங்கள் கண்ணைத் திறந்து, "காப்பி கெடைக்குமா?" என்று கேட்டீர்கள். வலிக்குதா என்று கேட்டேன். "எரிச்சல் அடங்கிடுச்சு புள்ள" என்றீர்கள். அந்த ஒரு டம்ளர் காப்பியை வாங்கிக்கொண்டு வரும்போது நான் அழுத அழுகையைப் பார்த்து, கேன்டீன்காரர் காசு வாங்க மறந்துவிட்டார்.

சில வாரம் கழித்து அந்தத் தோல் ஓரமெல்லாம் சுருண்டு உரிய ஆரம்பித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் டாக்டரிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை. "உங்க வீட்டுக்காரர் உடம்புக்குத் தெம்பு வந்துடுச்சு. இது நம்முது இல்லன்னு கண்டுபிடிச்சுத் தள்ளுது. இனிமே அவரோட தோலையே வைக்கலாம்" என்றார். அதுவரை விஷயம் தெரியாத உங்களிடம் நான் உண்மையைச் சொன்னேன். சீறுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, "நம்ம ஆளு வேலைய முடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றீர்கள்.

அன்றிலிருந்து அவர் நம் வீட்டில் நம்ம ஆளு. பெங்களூரில் கிடைத்த தோல், அதனால் கன்னடக்காரர்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். தண்ணீர்த் தகராறு வந்து பஸ் எல்லாம் எல்லையிலேயே திரும்பும்போது டீக்கடையில் ஆளாளுக்குக் குதிப்பார்கள். நீங்கள் மட்டும், "எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க இருக்காங்கப்பா, என்னைய வுட்ருங்க" என்று டீயை உறிஞ்சுவீர்கள். விரல் மடங்க வேண்டும், ரப்பர் பந்தை அமுக்குங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நீங்களா பந்தை அமுக்குவீர்கள்? ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தட்டு நிறைய வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பருப்பை எடுப்பீர்கள். முதல் தை மாதம் ஒரு கைப்பிடி பிதுக்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது உங்களுக்கு. அடுத்த தையில் தெருவுக்கே குழம்பு வைக்கிற அளவுக்குப் பிதுக்கிக் கொடுத்தீர்கள்.

அந்தத் தை அமாவாசைக்குத்தான் உங்கள் அப்பா அம்மாவுக்குப் படைக்கும் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையைப் போடச் சொன்னீர்கள். "நம்ம ஆளுக்கு யாரு இங்க படைப்பாங்க?" என்று கேட்டீர்கள். களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் வைக்கச் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "அதுல பூண்டு இருக்குது. பூண்டு சாப்பிடாத ஜனமா இருந்தா? காரம் ஆகாதவங்களா இருந்தா? பொம்பளையா இருந்தா, சின்னப் புள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன். கடைசியில் யார் வந்தாலும் சாப்பிடுகிற மாதிரி தயிர்சாதமும் வாழைப்பழமும் என்று முடிவானது. "தயிர எவன் திம்பான்?" என்று முகத்தைச் சுளித்தீர்கள்.

"உங்களைத் தவிர ஒலகமே திங்கும்" என்றேன்.

அந்த அமாவாசையன்றே என் போனை வாங்கி அந்தத் தோல் பேங்க் நம்பரைப் போட்டு வைத்தீர்கள். நம்ம ஆளு ஆபீஸ் என்று பெயர். "நான் போயிட்டா மொதல்ல இவங்களுக்குப் போன் பண்ணு. அப்பறம் அழு. தோல் எடுக்க ஆறு மணி நேரந்தான் டைம்" என்றீர்கள். நான் வாயில் அடித்துக்கொண்டேன். நல்ல நாளும் அதுவுமாகப் பேசுகிற பேச்சா அது?

ஆனால் பண்ணினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் அழவில்லை, போனை எடுத்தேன். எல்லை தாண்டி வருவார்களோ மாட்டார்களோ என்று பயந்தேன். வருகிறோம் என்றார்கள். அதற்குள் உத்தனப்பள்ளியிலிருந்து உங்கள் அண்ணன் வந்துவிட்டார். விஷயம் காதில் விழுந்ததும் கூடத்தின் நடுவில் நின்று கத்தினார்.

"வெந்த ஒடம்பு அது! பட்டது போதாதா? இன்னும் அறுக்கணுமா? என் தம்பி முழுசா போவணும். எவன் வந்து கைய வைக்கறான்னு பாக்கறன்!"

சொந்தக்காரர்கள் எல்லாம் அவர் பக்கம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வருகிற வண்டியை இவர்கள் திருப்பி அனுப்பிவிட்டால் நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே காரியமும் போய்விடும். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. என்றைக்கும் அவர் முன்னால் நிமிர்ந்து பேசாதவள் நான்.

"மாமா, ஆஸ்பத்திரியில உங்க தம்பிய மூடிக் காப்பாத்துனது யாரு வூட்டு ஒடம்போ. அந்த வூட்லயும் ஒரு அண்ணன் இருந்திருப்பாருங்க. அவரும் இப்பிடித்தான் கத்தியிருப்பாரு. அன்னிக்கி அவரு வழிவுட்டதாலதான் உங்க தம்பி இவ்ளோ வருசம் உங்கள அண்ணான்னு கூப்புட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. வண்டி தெரு தெரியாமல் சுற்றிவிடக் கூடாது என்று மெயின் ரோட்டில் போய் நின்று, அவரே கூட்டிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டு அவர்கள் வேலை செய்த நேரமெல்லாம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டிப் பார்த்தவர்களை எல்லாம் "போ, அந்தாண்ட போ" என்று விரட்டினார்.

உள்ளே எனக்கு வேறு பயம். ஏற்கனவே வெந்தது, தொடையிலும் ஒட்டுக்கு எடுத்த தழும்பு. ஆகாது என்று சொல்லிவிட்டால்? வந்த டாக்டர் உங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "முதுகும் கெண்டைக்காலும் போதும்மா. தோல் நல்லா வச்சிருக்காரு. யாரு பாத்துக்கிட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். அந்த நேரத்தில் கர்வம் வரலாமா? வந்ததே! சாவு வீட்டில் நின்றுகொண்டு நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு.

மேல்தோல்தான் எடுத்தார்கள், மெல்லிசாக. வெள்ளைத் துணி சுற்றி, வேட்டி சட்டை போட்டுக் கொடுத்தபோது நீங்கள் தூங்குகிற மாதிரிதான் இருந்தீர்கள். நீங்கள் சுடுகாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே அந்த வண்டி செக்போஸ்ட் தாண்டிப் போயிருக்கும். அப்புறம்தான் அழுதேன், நீங்கள் சொன்ன வரிசைப்படியே. மார்கழியில் போன் வந்தது. உபயோகமாகிவிட்டதாம், யாருக்கு என்று சொல்ல மாட்டார்களாம். உங்கள் அண்ணன் இப்போது உத்தனப்பள்ளி டீக்கடையில், "என் தம்பி பெங்களூர்ல இன்னும் டூட்டில இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இன்றைக்குத் தை அமாவாசை. மூன்று இலை போட்டேன். பெரியவர்களுக்கு ஒன்று, நம்ம ஆளுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அவரைக்கொட்டையை நானே பிதுக்கினேன், உங்கள் வேகம் எனக்கு வரவில்லை. வெயிலில் உருகிய எண்ணெயை என் கையிலேயே தடவிக்கொண்டேன்.

வருவதற்கு நேரமானாலும் பரவாயில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டிலும் இன்று உங்களுக்கு ஓர் இலை போட்டிருக்கலாம். அவர்களுக்கு உங்கள் பெயரும் தெரியாது, ருசியும் தெரியாது. யார் வந்தாலும் சாப்பிடுகிற மாதிரி தயிர்சாதம்தான் வைத்திருப்பார்கள். முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இங்கே குழம்பை மூடி வைத்திருக்கிறேன்.