பூங்கா வாசலில் அப்பா வாங்கிய பூ

ப்ளோவ்டிவ், பல்கேரியா
ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரலித்சாவுக்கு அம்மா எழுதறது. சிகாகோவுல நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியா இருக்கணும். இங்கே நாங்களும் சௌக்கியம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேங்குது.

அப்பாவுக்கு மறதி முத்திக்கிட்டே போகுதும்மா. டாக்டரும் கையை விரிச்சுட்டார். வீட்டுல இருந்தா அலமாரியை எல்லாம் இழுத்துப் போட்டு எதையோ தேடுவார், என்ன வேணும்னு கேட்டா கத்துவார். அதனால காலையில டீயைக் குடிக்க வெச்சு ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். லிண்டன் மரமெல்லாம் பூத்து அப்படி ஒரு வாசனை, வாத்து நீந்தற சத்தம்கூடக் கேட்கிற அமைதி. அங்கே போனா மட்டும் மனுஷன் அடங்கிடறார். பெஞ்சுல உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறிச்சு, தோலை என் செருப்பு மேலேயே துப்புவார். துப்பித் தொலையட்டும்னு விட்டுடறேன்.

வாசல்ல பூ விக்கிற வெஸ்காவைத் தெரியுமில்ல, உன் கல்யாணத்துக்குப் பூச்செண்டு கட்டினவ. போன செவ்வாய்க்கிழமை அப்பா அவகிட்டப் போய், என் வீட்டுக்காரிக்கு நாலு கார்னேஷன் குடுன்னார். எனக்குத் தலைகால் புரியலை, இவர் எனக்குப் பூ வாங்கி எத்தனை காலமாச்சு! வெஸ்கா சிரிச்சுக்கிட்டே, ஏன்யா ஸ்தோயில், புத்தி பிசகிப் போச்சா, இரட்டைப்படையில கல்லறைக்குல்ல வாங்குவாங்க, உசிரோட இருக்கிறவளுக்கு மூணோ அஞ்சோ வாங்குய்யான்னா. நானும் சேர்ந்து சிரிச்சேன், பாவி. அப்பா சிரிக்கலை. நாலுதாம்மா வேணும், அவதான் போய்ச் சேர்ந்துட்டாளேன்னார். வெஸ்கா சட்டுனு திரும்பிக்கிட்டு வாளித் தண்ணியில கையை அலச ஆரம்பிச்சுட்டா.

பெஞ்சுக்கு வந்ததும், நான்தாங்க நெவேனா, நல்லாப் பாருங்கன்னு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். உத்துப் பார்த்துட்டு, நீங்க நல்ல மனுஷி, என் பொண்ணுதானே உங்களை வேலைக்கு வெச்சிருக்கான்னார். வாடி போடின்னே கூப்பிட்ட வாய்டி அது, என்னை நீங்கங்குது. பொண்ணு பேர் என்னன்னு கேட்டேன். ரலித்சான்னு பட்டுனு சொன்னார். எனக்கு வயிறெரிஞ்சுது, நிம்மதியாவும் இருந்துது. அவருக்கு நான் போயாச்சு, நீ ஒருத்திதான் மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கோ, எனக்கு நம்பிக்கை இல்லை.

மாப்பிள்ளையோட முட்டிக்கிட்டா அன்னைக்கே பேசித் தீர்த்துடு, மனசுல வெச்சு ஊறப் போடாதே. வெறும் காப்பியைக் குடிச்சுட்டு வேலைக்கு ஓடாதே. தேவமாதா உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தட்டும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. நேத்து பூங்காவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். பொண்ணுக்கு அவ அம்மா போனது தெரியாது, நான்தான் சொல்லணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்கன்னார். சொல்லுங்க, தாங்கிப்பான்னு நான்தான் தைரியம் சொன்னேன். கடுதாசி உன் கைக்கு வந்து சேரணுமே, ரெண்டு வாரம் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை போன் வரும், நானே போட்டுக் கொடுப்பேன். அம்மா இருக்காளேப்பான்னு எதிர்த்துப் பேசிடாதே, நொறுங்கிடுவார். அவரோட சேர்ந்து கொஞ்சம் அழு. உடனே கிளம்பி வரேம்ப்பான்னு சொல்லு. சொன்ன மாதிரியே வந்துடு. லீவு இல்லை, லீவு இல்லைங்கிறியே, அம்மா செத்தா குடுப்பாங்கதானே?

இப்படிக்கு,
உன் அம்மா நெவேனா