குடைக்கு விழுந்த ஓட்டு

கட்டுநாயக்க
5.12.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் கோகிலா வணங்கி எழுதுவது. முழங்கால் வீக்கம் வற்றியதா? ரப்பர் பால் வெட்டப் போகிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று போர்டிங்கில் என்னோடு வேலைக்குப் போகும் பிள்ளைகளோடு விளையாட்டாக ஜனாதிபதித் தேர்தல் நடத்தினோம். சீட்டு எழுதிப் பால்மா டின்னில் போட்டோம். எல்லாம் இரண்டு பெரிய கட்சிகளுக்கே. குடைச் சின்னக்காரருக்கு மட்டும் ஒன்று. ரேடியோவில் நம் தோட்டத்து லய வீடுகளைப் பற்றிப் பேசியவர் அவர்தான்.

"ஜெயிக்காத ஆளுக்கு எந்தப் பைத்தியம் போட்டுச்சு?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார்கள். இங்கே தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். நானும் அப்படியே கேட்டுச் சிரித்தேன்.

சசி அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு வேன் வந்துவிட்டது. குடைக்காரர் வெல்லமாட்டார், தெரியும். நீங்களாவது அவருக்குப் போடுவீர்களா, அப்பா? எனக்குத் துணைக்கு.

கோகிலா