பிளேடு மாத்து

அன்புள்ள அனுப்ரியாவுக்கு,

அம்மா மார்சிலிங் வீட்டுலேருந்து எழுதுறேன். அப்பா வீட்டுக்கு வந்துட்டார், எனக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல, இதை இந்தத் தடவை மனசறிஞ்சு எழுத முடியுதும்மா. அந்தக் கனடாக் குளிர்ல நீயும் மாப்பிள்ளை வருணும் வயித்துல இருக்கற குட்டியும் சுகமா இருக்கணும்னு தினம் விளக்கேத்தும்போது கேட்டுக்கறேன். இந்த நிலைமைல பிளேன் ஏற முடியலையேன்னு நீ மருகுறது தெரியும். அதான் நடந்ததை எல்லாம் ஒழுங்கா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்தது உனக்குத் தெரியும், பேச்சும் சுத்தமா நின்னுபோச்சுன்னு மட்டும் உன்கிட்ட முழுசா சொல்லல, கோவிச்சுக்காதே. ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கற நிரஞ்சனா தங்கமான பொண்ணு, வாழைப்பழம் பூனை கோப்பைன்னு படம் படமா காட்டுவா, இவர் முகத்தைத் திருப்பிப்பார். இதுக்கு நடுவுல அவரை வீட்டுக்கு அனுப்பப் போறோம், ஆஸ்பத்திரிக் கட்டில் போட இடம் பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. சின்ன ரூம்ல சுவத்தோட சுவரா அப்பா அடிச்ச அலமாரி இருக்கே, அதை எடுத்தாதான் கட்டில் நுழையும். காண்ட்ராக்டர்காரங்க யாரும் உடனே வர்றதா இல்ல. சரி, அப்பாவோட ரம்ப மிஷின் இருக்கே, பிளேடு முன்னுக்கும் பின்னுக்கும் விருட்டுவிருட்டுன்னு ஓடுமே, அதை நானே எடுத்துட்டேன். எதிர்வீட்டு ஹலீமா, அக்கா வேணாம் லான்னு தலைல அடிச்சிக்கிட்டா, ஆனாலும் துணைக்கு வந்து நின்னா. மிஷின்ல இருந்த பிளேடோட பலகைல வச்சேன். அறுபடவே இல்ல, புகைதான் வந்துச்சு. இன்னும் தள்ளினேன், மிஷின் எகிறி என் தோள் குலுங்கிப்போச்சு. ஹலீமா அதைச் சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுத்துட்டா.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பா சிரிப்பாரேன்னு அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் சிரிக்கல. இடது கையால என் மணிக்கட்டைப் பிடிச்சார், வாய் கோணிக்கோணி வந்துச்சு, பிளேடுன்னார், அப்புறம் மூச்சு வாங்கி, மாத்துன்னார். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பயிற்சி குடுத்துட்டிருந்த நிரஞ்சனா திரும்பிப் பார்த்தா. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அவர் பேசின முதல் பேச்சு அது. அவதான் சொன்னா, ஆன்ட்டி, பூனைப் படம் போதும், நாளைக்கு அந்த பிளேடு எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வாங்கன்னு.

அதுக்கப்புறம் தினம் அதுதான் எங்க பாடம். பலகைக்குப் பெரிய பல்லு, துணி மாட்டற இரும்புக் கம்பிக்குச் சின்ன பல்லு, மெல்லன்னு ஒவ்வொரு வார்த்தையா வந்துச்சு. பலகைக்குள்ள ஆணி இருந்தா ரெண்டுக்கும் தாங்கற பிளேடு வேணும்னு அவர் விரலால காட்டினதைப் புரிஞ்சிக்கவே எனக்குப் பாதி நாள் ஆச்சு. சிராங்கூன் ரோடு பக்கத்துச் சந்துல பிளேடெல்லாம் வாங்கிட்டு வந்தேன், தூசி படாம கண்ணுக்குப் போடற கண்ணாடியும் சேர்த்து. பிளேடு மாத்தறப்போ பாட்டரி கழட்டுன்னு கோவமா சொன்னார் பாரு, கல்யாணமான புதுசுல கேட்ட குரல்டி அது. வீட்டுக்கு வந்து, மிஷின்ல பிளேடு வெளிய வர்ற இடத்து மூக்குத் தகட்டைப் பலகைல அழுத்தி வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சேன், அது துள்ளவே இல்ல.

கடைசியா முதுகுப் பலகையும் அதுக்குப் பின்னால சுவத்தோரமா ஓடின வெள்ளைக் குழாயும் மட்டும் மிச்சம். பழைய தண்ணிக் குழாய்தானேன்னு நினைச்சு, நாளைக்கு இதையும் சேர்த்து அறுத்துடறேங்கன்னு போட்டோவைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார், விழுந்திடுவாரோன்னு பிடிச்சேன். வேணாம் வேணாம், வயர், வயர்னு வார்டே திரும்பற மாதிரி கத்தினார். வீட்டுக்கு வந்து மெயின் சுவிட்சை அணைச்சிட்டு வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏர்கானுக்குப் போற வயராம், நான் அணைக்கற வரைக்கும் அதுல மின்சாரம் ஓடிட்டே இருந்திருக்கு. நான் அன்னிக்குச் சோறே சாப்பிடல அனு. பேச்சு வராத மனுஷன் என்னைக் காப்பாத்திட்டார்னு நினைச்சு நினைச்சு உட்கார்ந்திருந்தேன்.

பாப்பா ரூமுக்காக மாப்பிள்ளை கீழ்த்தளத்துல தடுப்புச் சுவரை அறுக்கப் போறார்னு சொன்னியே, அதான் இவ்வளவும் எழுதறேன். முதல்ல சுவத்துக்குப் பின்னால என்ன ஓடுதுன்னு பார்க்கச் சொல்லு, கரண்டை அணைக்கச் சொல்லு, கண்ணாடி போடாம தொடக்கூடாது. அறுத்து முடிச்சதும் பிளேடு சுடும், உடனே கையால எடுக்க வேணாம். நீ அந்தத் தூசிப் பக்கமே போகாதே.

கட்டில் கச்சிதமா நுழைஞ்சிடுச்சு. அப்பா ஊன்றுகோல் பிடிச்சு வந்து நான் அறுத்த ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு, கோணல்னார். ஹலீமாவும் நானும் சிரிச்ச சிரிப்பு கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

சுகப்பிரசவமா குழந்தை பிறந்து, நீங்க மூணு பேரும் நிறைஞ்ச வாழ்க்கை வாழணும், எங்க ரெண்டு பேர் ஆசிர்வாதமும் உங்களுக்கு எப்பவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காம கூப்பிடு. ஒண்ணே ஒண்ணு, அப்பா வார்த்தை தேடறப்போ நீ எடுத்துக் குடுக்காதே. நேத்து உன் பேரைச் சொல்ல ஆரம்பிச்சார், முதல் எழுத்துலயே நின்னுட்டார். நான் வாயைத் திறக்கல. என் தேத்தண்ணி ஆறிப்போச்சு. அப்புறம் முழுசா வந்துச்சும்மா.

உன் அம்மா,
சாமுண்டீஸ்வரி தனசேகரன்