ஐந்து பாட்டில் நத்தைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது. அம்மாவுக்கு முதுகுவலி தேவலை. குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்தேன், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் நழுவிவிடுவேன், அதனால் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் உன் ஆராய்ச்சிக்கு என்று ஐந்து இடத்து நத்தைகளை அனுப்பினேனே, அவை ஐந்து இடத்து நத்தைகள் இல்லையம்மா. எல்லாமே ஏரி மதகில் பிடித்தவை. நீ வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு, நீளக் காம்பு வடிகட்டியால் அள்ளினேன், ஒரு மணி நேரத்தில் நூற்றைம்பது சேர்ந்துவிட்டது. வாய்க்கால், சூளைக் குட்டை, ஆற்றுத்துறை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் என்று இன்னும் நாலு இடம் பாக்கி. முழங்கால் வலி. நத்தை எங்கே பிடித்தாலும் நத்தைதானே என்று தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து பாட்டிலுக்கு முப்பதாகப் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, ஐந்து இடத்துப் பெயரையும் எழுதி ஒட்டிவிட்டேன். பம்ப் ஹவுஸ் வேலையில் மழை நாளில் ஒரு மீட்டரைப் பார்த்துவிட்டு மற்றதற்கெல்லாம் குத்துமதிப்பாக எழுதிய கை இது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அதுவே பழகிவிட்டது.

அப்புறம் நீ போன் செய்தாய். அஞ்சு இடத்து நத்தையும் அதுக்குள்ள இருக்கிற தட்டைப்புழுவும் மரபணுவுல ஒரே அச்சுப்பா, யாருமே எதிர்பார்க்கல என்று குதித்தாய். உண்மையைச் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், நீ மாநாட்டில் பேசப்போவதாகச் சொல்லிச் சிரித்தாய், மென்று முழுங்கிவிட்டேன். புழு ஒரே வகை என்றால் ஒரே மருந்து எல்லா இடத்துக்கும் கேட்கும், பல வகை என்றால் மருந்துக்குத் தப்புகிற புழு எங்காவது இருக்கும் என்று நீதான் எனக்கு விளக்கியிருக்கிறாய். அந்தப் புழு நத்தையிலிருந்து தண்ணீருக்கு வந்து தோல் வழியாக ஆள் உடம்பில் ஏறும் என்றும் சொன்னாய், பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி விளையாடுகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். என் முழங்கால் வலிக்காக அவர்களுக்குக் கேட்காத மருந்தைக் கொடுக்கச் சொல்லி நீ மேடையில் பேசுவாயோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஏன் தட்டையே அளைஞ்சிட்டு இருக்கீங்க என்று அம்மா கேட்டாள், சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். போன்ல சொன்னா பாதியை முழுங்கிடுவீங்க, எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அவ பேராசிரியைகிட்ட காட்டணுமில்ல என்றாள்.

இந்த வாரம் மாமா ஸ்கூட்டரில் கூட்டிப்போனார், ஐந்து இடத்திலும் நானே இறங்கினேன். பாட்டிலில் ஒட்டும் இடப்பெயர்ச் சீட்டைத் தண்ணீர் ஓரத்திலேயே நின்று எழுதினேன். புது பாட்டில் ஐந்தும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. ஒன்று சொல்ல வேண்டும், மதகு நத்தைக்கு ஓட்டின் வாய் வலப்பக்கம் இருக்கிறது, சூளைக் குட்டையில் பிடித்ததற்கு இடப்பக்கம். கண்ணாடி போட்ட கிழவனுக்கே தெரிகிறது. அன்றைக்குப் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பழைய பார்சலில் மதகு என்று ஒட்டிய பாட்டில் மட்டும்தான் நிஜம், மற்ற நாலையும் தூக்கிப் போடு. மாநாட்டுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது, பேச்சை நிறுத்திவிடு. காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தையே காட்டு, என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. கோபம் தீரும்வரை போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, வேளைக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், எனக்குப் பிறந்தும் என் கை உனக்கு வராமல் போகட்டும்.

இப்படிக்கு,
இந்தத் தடவை ஐந்து இடத்துக்கும் போய்வந்த
உன் அப்பா