ராகேல் அக்காவின் சனிக்கிழமை அடுப்பு

என் உயிரான ராகேல் அக்காவுக்கு,

மானக்கேடான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மூக்குக்கண்ணாடிக் கடையில், நீ உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே, மாதா படம் போட்ட காலண்டர் ஒன்றை மாட்டினேன். காரைக்காலில் மிஞ்சியிருக்கும் ஒரே யூதன், ஊருக்கெல்லாம் கண் தெரியக் கண்ணாடி விற்கிறவன், தன்னை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. அதில் ஏமாந்தவர் ஒரே ஒருவர்தான். பங்குச் சாமியார் வந்து, தேர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

நீ போன பிறகு நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? பிரெஞ்சுக்காரன் இங்கே கொடியை இறக்கி இரண்டு வருஷம் ஆயிற்று. அவனும் இங்கிலீஷ்காரனும் இஸ்ரேலும் சேர்ந்து சூயஸில் எகிப்துமேல் பாய்ந்தார்கள். டீக்கடையில் ரேடியோவைச் சுற்றி ஒரே கூட்டம். கோட்டுச்சேரி பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர், முன்பின் தெரியாதவர், "இங்கயும் ஒரு யூதன் இருக்கானாமே" என்றார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் காலே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் விளக்கைத் தெரு ஜன்னலில் ஏற்றவில்லை. சமையற்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றினேன். ஹிட்லர் சண்டைக் காலத்தில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் உன்னிடம் வந்து, விளக்கை உள்ளே வைத்துக்கொண்டால் நல்லது என்று தணிந்த குரலில் சொன்னார் அல்லவா? அவர் போன பிறகு நீ என்னிடம் சொன்னாய்: "மறைச்சு ஏத்துனா அது சமையக்கட்டு வெளக்குடா, எலியாஸ்." அந்த வாக்கியத்தைப் பத்து வருஷமாக நானே சொன்னது போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

மறுநாள் சனிக்கிழமை. இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓய்வுநாளில் நாங்கள் தீ மூட்டுவதில்லை, பேனா தொடுவதில்லை. அடுத்த வீட்டு ஜொகரா நாச்சியாதான் வந்து அடுப்பை மூட்டித் தருவாள். மூட்டு என்று வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. அதனால் ராகேல் அக்கா "என்னமா குளுருது, ஜொகரா" என்பாள். சித்திரை மாதத்தில். ஜொகரா சிரிக்காமல் சுள்ளி ஒடிப்பாள்.

அன்று அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய தம்பிக்கு எகிப்தில், போர்ட் சையது துறைமுகத்தில், கப்பல் வேலை. சண்டை தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து கடிதம் இல்லை. எந்த முகத்தோடு அவள் முன்னால் நின்று குளிருகிறது என்பேன்? விடிந்ததும் அடுப்பை நானே மூட்டிவிட்டேன்.

அவள் வந்தாள். எரிகிற அடுப்பைப் பார்த்தாள். யார் மூட்டியது என்று கேட்டாள். நான்தான் என்றேன். சுவரில் எதையோ தேடுகிறவன் போலப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எந் தம்பிய நெனச்சு நான் ராவும் பகலும் துஆ கேக்குறேன். அதுக்காக நீங்க உங்க தொழுகைய விட்டுட்டா அவன் வந்துடுவானாண்ணே?" என்றாள்.

அவள் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். புகை அடங்கும்வரை நின்று, சாம்பலை வாரி, ஈரத்தைத் துடைத்து, புதிதாய்ச் சுள்ளி அடுக்கி மூட்டினாள். "இப்ப இது நான் மூட்டுனது" என்று சொல்லிவிட்டுப் போனாள். புகையால்தான் கண் கலங்கியது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன், அவள் கேட்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்றும் இப்படித்தான். பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஜொகராவின் புருஷன் மரைக்காயர் நிரவி வரை போய் ஒன்பது பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார். பத்தும் யூதர்களாக இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதைச் சொல்லாமலே பிரார்த்தனையைச் சொன்னேன். பத்துப் பேர் ஆமேன் சொன்னோம். அது உனக்கு வந்து சேர்ந்ததா?

கொச்சியில் சித்தப்பா மக்கள் எல்லாரும் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். நீயும் வந்துவிடு, அங்கே ஒருத்தனாய் என்ன செய்வாய் என்று கடிதம் வருகிறது. போகலாம்தான். ஆனால் அங்கே எல்லோர் ஜன்னலிலும் விளக்கு எரியும். இங்கே ஒன்றுதான். அதை அணைத்துவிட்டுப் போவதா?

காலண்டரைக் கழற்றிச் சாமியாரிடமே கொடுத்து, நான் யார் என்று சொன்னேன். "அது எனக்கு மொதல்லயே தெரியும், சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றார். ஆக, ஏமாந்தவர் ஒருவரும் இல்லை. விளக்கு மறுபடி தெரு ஜன்னலில் எரிகிறது. டீக்கடையிலும் முழு டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஜொகராவின் தம்பி நலம் என்று கடிதம் போட்டுவிட்டான்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. நான் இருக்கும்வரை இந்த வீட்டு ஓய்வுநாள் ஒன்றுகூடத் தவறாது. வெள்ளி சாயங்காலம் விளக்கு ஜன்னலில். மறுநாள் அடுப்பு ஜொகரா கையில்.

உன் கோழைத் தம்பி,
எலியாஸ்

காரைக்கால், சனிக்கிழமை காலை. பேனா என் கையில். ஜொகரா இன்னும் வரவில்லை.