பின்சக்கரத்துக் கல்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் கடையில் இரண்டு மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டினேன். இரண்டாவதில் சுற்று எண்ணிக்கை தப்பிவிட்டது. பிரித்துத் திரும்பக் கட்டினேன். மத்தியானம் சாப்பிட வந்தால், தங்கச்சி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தால் ஏதோ சங்கதி இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணா, வேனை ரெடி பண்ணணும். ரொட்டிக் கம்பெனியில பேசிட்டேன். அவரு கடைகடையா ரொட்டி போட்ட அதே லைனை எனக்குத் தர்றேன்னுட்டாங்க. அடுத்த மாசம் இருபதாம் தேதியிலேர்ந்து."

"நீயா ஓட்டுவே?"

"பின்னே, லைசென்ஸை ஃபிரேம் போட்டு மாட்டவா எடுத்தேன்?"

வேன் பதினொரு மாதமாக முற்றத்தில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. கிளட்ச் மாற்றுகிற வேலை பாதியில் நிற்கிறது. அதை ஆரம்பித்த மாப்பிள்ளை, அவள் புருஷன், வண்டிக்கு அடியிலேயே உயிரை விட்டார். அன்றைக்குக் கூட இருந்தவன் நான் ஒருத்தன்தான். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன்.

பிப்ரவரி 10

தார்ப்பாயை எடுக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

நட்டு வந்தார். மூன்றாவது தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். சட்டைப் பையில் எந்நேரமும் நாலு நட்டு குலுங்கும், அதனால் அந்தப் பெயர். ஊரே அப்படிக் கூப்பிட்டு, இப்போது அவர் பெண்சாதியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

தார்ப்பாயை அவர்தான் விலக்கினார். சுற்றி வந்தார். "தப்பா நினைக்காதீங்க. இதை என் ஷெட்டுக்குக் கொண்டு வராதீங்க. ஆளை முழுங்கின வண்டி. எங்க ஆளுங்க யாரும் கீழ படுக்க மாட்டாங்க, எனக்கும் மனசு வராது. இங்கயே வெச்சு நீங்களே செய்யுங்க. என்ன சந்தேகமோ கேளுங்க, சொல்றேன்."

அப்புறம் தரையைப் பார்த்தார். சிமெண்டில் இரண்டு கீறல்கள், முன்பக்கம் முட்டுக் கொடுத்திருந்த ஸ்டாண்டுகள் இழுபட்ட தடம். குனிந்து விரலால் அளந்தார்.

"ஜாக்கி வழுக்கிடுச்சுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"ஜாக்கி வழுக்கினா வண்டி இருந்த எடத்துலயே உக்காரும். இது ஒரு முழம் முன்னால உருண்டு வந்துல்ல உக்காந்திருக்கு?"

முற்றம் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ" இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

உள்ளேயிருந்து தங்கச்சி, "அவரு எதுலதான் நிதானமா இருந்தாரு? எல்லாத்துக்கும் பறக்கணும். அவசரத்துக்குப் பொறந்த மனுஷன்" என்றாள். பதினொரு மாதமாக இப்படித்தான். செத்தவரைத் திட்டிக்கொண்டேதான் சட்னிக்கு அரைக்கிறாள், துணி மடிக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். இன்றும் அப்படித்தான்.

பிப்ரவரி 15

"கல்லு வெச்சாச்சா மச்சான்?"

கடையில் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டது. காலை பதினொரு மணி, வெயில் பட்டறை மேசை வரைக்கும் வந்திருந்தது. ரேடியோகூட ஓடவில்லை. "வெச்சாச்சு" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். ஃபேன் வாங்க வந்த அம்மா, "எதை வெச்சாச்சு?" என்று கேட்டார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது உண்மை இருக்கட்டும்.

அந்த வேனுக்கு ஹாண்ட் பிரேக் கம்பி அறுந்து பல வருஷம். எங்கள் வீட்டுப் பழக்கம், நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவது. "கியர்ல கெடந்தா பூட்டுப் போட்ட மாதிரி" என்று பெருமையாகச் சொல்லுவேன். அதுவே நான் தங்கச்சிக்கும் சொல்லிக் கொடுத்த பாடம்.

அன்றைக்கு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தோம். பின்சக்கரம் இரண்டும் தரையில். கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால், அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். மாப்பிள்ளை அடியில் போய்விட்டார். கால் மட்டும் வெளியே. அங்கிருந்து கேட்டார்: "கல்லு வெச்சாச்சா மச்சான்?"

சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கல் நாலும் மதிலோரம் கிடந்தது. நாலு எட்டு நடக்கணும். நடக்கலை. கையில டீ. கியர்லதானே கெடக்கு, எங்க போயிடப் போவுதுன்னு நெனச்சேன். வெச்சாச்சுன்னேன்.

கியர் எதைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு? அந்த ஷாஃப்டு வழியாத்தானே பின்சக்கரத்தைப் பிடிச்சிருந்துச்சு. அதைக் கழட்டிட்டா பிடி எங்க இருக்கு? சின்னப் புள்ளைக்குத் தெரியும். முப்பது வருஷம் மோட்டார் பிரிக்கிறவன் எனக்குத் தெரியலை. இல்லை — தெரியும். யோசிக்கலை. யோசிக்கிறதுக்கு அவர்தான் இருந்தாரே, அதான் கேட்டாரே.

நாலாவது போல்ட் வெளியே வந்ததும் வண்டி நகர்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஓடிப்போய் பம்பரைப் பிடித்தேன், வண்டியைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்பது போல. ஆட்கள் கூடி வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கல்லை எடுத்து வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டேன். அந்த நாலு எட்டு அப்போது மட்டும் எப்படி நடந்தேன்?

போலீஸில் விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆரம்பித்துவிட்டோம். நான் செய்கிறேன், நீ உள்ளே போ என்றேன். கேட்கவில்லை. "நாளைக்கு நடுரோட்டுல நின்னா உன்னையா கூப்பிட்டுக்கிட்டு இருப்பேன்? எனக்கும் தெரியணும்." கல் வைத்தேன். உதைத்துப் பார்த்தேன். மறுபடி உதைத்துப் பார்த்தேன். அதற்குள் அவள் அடியில் போய்விட்டாள். இரண்டு கால் மட்டும் வெளியே.

அதே இடம். அதே கால் மாதிரி.

காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். முழங்கை சிராய்த்துவிட்டது. "கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு?" என்றாள். அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு, "அங்க வெள்ளையா ஒரு கோடு இருக்கே. ஷாஃப்டுல பாதி, அது மாட்டுற எடத்துல பாதி. யார் போட்டது?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை போட்டது. கழற்றினதை அதே வாக்கில் திருப்பி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போது வண்டி உதறும். அதற்காகக் கழற்றும் முன்பே பெயிண்டால் கோடு இழுத்து வைத்திருந்தார். அலமாரியில் ஒரு டம்ளர். அதில் அவர் கழற்றிய மூன்று போல்ட், ஒவ்வொன்றிலும் அதனதன் நட்டு திருகி இருக்கிறது. தங்கச்சி டம்ளரைக் கையில் வாங்கி ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துப் பார்த்தாள்.

"அவசரப்பட்ட மனுஷன் செய்யற வேலையா அண்ணா இது?"

பிப்ரவரி 23

சொல்லிவிட்டேன்.

முழுவதும் சொன்னேன். டீ, நாலு எட்டு, அப்புறம் போட்ட கல், எல்லாம். அவள் அடுப்பை அணைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் கேட்கும் என்று நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 25

தட்டு மூடி வைத்திருக்கிறது. ஆள் இல்லை.

பிப்ரவரி 27

திட்டுச் சத்தம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையைத் திட்டுவதில்லை, என்னையும் திட்டுவதில்லை. வீடு இவ்வளவு பெரியது என்று இப்போதுதான் தெரிகிறது. என்னைத் திட்டித் தொலைத்தால் என்ன? வெளியே போ என்று சொன்னால்கூடப் போய்விடுவேன். பெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

துணி உலர்த்திக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள். "கடைசியா என்ன சொன்னாரு?"

"கல்லு வெச்சாச்சான்னு கேட்டாரு. வெச்சாச்சுன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னாரு."

"சரின்னாரா." ஈரச் சட்டையை இரண்டு தடவை உதறினாள். "பதினொரு மாசம் அந்த மனுஷனை என்னென்ன பேசினேன். பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே அண்ணா."

வாளியில் மிச்சமிருந்த துணியை எடுத்து நீட்டினேன்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டி, "வா, வேலையைப் பாப்போம்" என்றாள். நட்டு சொன்ன முறைப்படி முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, அசைத்துப் பார்த்தோம். "போய்ப் படு" என்றாள்.

மதிலோரம் கல் நாலும் கிடந்தது, பின்சக்கரத்துக்கு ஒரு சின்ன மரக்கட்டைதான் அண்டை. பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். நான் படுத்து உள்ளே போனேன். எனக்குப் பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவள் என்ன செய்தாலும் சரி என்றுதான் போனேன்.

வண்டி வயிறு முகத்துக்கு ஒரு சாண் மேலே. எண்ணெய் வாடை. வெள்ளைக் கோட்டின் பாதி கண்ணுக்கு நேராக.

"கல்லு வெச்சாச்சா?" என்று கேட்டேன்.

அவள் செருப்பு தெரிந்தது. நகரவே இல்லை. பிறகு செருப்பு மதில் பக்கம் போனது. திரும்பி வந்தது. ஒரு கல் டயரில் இடித்தது. சுத்தியால் தட்டினாள். இன்னொன்று. அடுத்த சக்கரத்துக்குப் போனாள். மூன்று. நாலு.

"வெச்சாச்சு" என்றாள். "என் பேச்சை நம்பாதே. வெளிய வந்து நீயே பாரு."

வந்து பார்த்தேன்.

மார்ச் 15

புது கிளட்ச் ஏறியது, ஷாஃப்டை மாட்டினோம். கோடு இரண்டும் சேர்ந்தது. டம்ளர் காலி. அன்றைக்கு மாப்பிள்ளை கையில் இருந்த நாலாவது போல்ட்டை அவள் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், அதை அவளே முடுக்கினாள்.

மார்ச் 20, வெள்ளி

முதல் நாள் லைன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினாள், வண்டி உதறவில்லை. மத்தியானம் வந்து நிறுத்தினாள். புதுக் கம்பி போட்ட ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள், கியரில் போட்டாள், இறங்கிக் கல்லும் வைத்தாள்.

என் பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. போ என்று அவள் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவள் தானாக என்னிடம் பேசுவது ஒரே ஒரு வார்த்தைதான். வண்டியை நிறுத்தியதும் வாசலிலிருந்து கூப்பிடுகிறாள்: "வந்து பாரு."

போய், கல் நாலையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.