மூன்றாம் அறைப் படத்தின் வலது ஓரத்தில் நிற்பவர் குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் (வயது 77),
பார்வையாளர் அட்டை எண் 214,
மாடி வீடு, தபால் நிலையத்துக்கு எதிர்த்தெரு.

பெறுநர்:
காப்பாட்சியர் அவர்கள்,
போர்க்கால நினைவு அருங்காட்சியகம்.

பொருள்: போக்குவரத்துப் பிரிவின் குழுப்படம் – இடவலம் மாறி அச்சாகியிருப்பதாக ஐயம் – சட்டத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாயின் தகப்பனார் இரண்டாம் உலகப்போரின்போது ராணுவப் போக்குவரத்துப் பிரிவில் தையற்காரராக இருந்து, முகாமிலேயே காய்ச்சல் கண்டு இறந்தவர். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. ராணுவப் பதிவு அலுவலகத்துக்குப் பலமுறை எழுதிய பிறகு, அவருடைய பிரிவின் குழுப்படம் தங்கள் மூன்றாம் அறையில் இருப்பது தெரியவந்தது.

2. படத்தின் கீழே உள்ள பெயர்ப்பலகை இடமிருந்து வலமாக எழுதப்பட்டுள்ளது. அதில் முதல் பெயர் தாத்தாவுடையது. படத்தில் அந்த இடத்தில் நிற்பவர் நெட்டையான மனிதர். ஓராண்டாகச் சனிக்கிழமைதோறும் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். என் மூக்கு அவரிடமிருந்து வந்தது என்று வீட்டில் சொல்லியும் இருக்கிறேன்.

3. சென்ற மாதம் என் அக்காவை அழைத்து வந்தேன். வயது 86. தாத்தா கடைசியாக விடுப்பில் வந்தபோது அக்கா ஐந்து வயதுக் குழந்தை. அவர் முகத்தைக் கண்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் இவர் ஒருவரே. கண்ணாடிமேல் மூக்கு படும்படி நின்று பார்த்துவிட்டு, "இது தாத்தா இல்லடா. அவர் என்னைத் தூக்கினா அம்மா இடுப்புல இருக்கிற உயரம்தான் இருக்கும். இந்த ஆளு தூக்கியிருந்தா நான் பயந்து கத்தியிருப்பேன்" என்றார். மற்றவர்களையும் வரிசையாகப் பார்த்தபின், "அது சரி, எல்லாரும் ஏன் பொம்பளைச் சட்டை போட்டிருக்காங்க?" என்று கேட்டார். காவலர் சிரித்துவிட்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

4. வீட்டுக்கு வந்து என் சட்டைகளையும் மருமகளின் சட்டைகளையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் படிகிறது. பெண்கள் சட்டையில் நேர்மாறாக. தங்கள் படத்தில் எல்லோருக்கும் பெண்கள் சட்டைபோலவே பித்தான் இடப்பட்டுள்ளது. ஒரு பிரிவு முழுவதற்கும் தாத்தா அப்படித் தைத்திருப்பார் என்று நம்ப மனம் வரவில்லை. எனவே, படத்தைப் புதிதாக அச்சிட்டபோது இடம் வலமாகியிருக்கலாம். எழுத்து எதுவும் இல்லாத படம் என்பதால் இது எவர் கண்ணுக்கும் தப்பக்கூடியதே. குறை கூறுவதாகத் தயவுசெய்து கொள்ளவேண்டாம்.

5. அப்படியானால் தாத்தா நிற்பது வலது ஓரத்தில். அங்கே முகம் இல்லை. மற்றதெல்லாம் மரச்சட்டத்தின் அடியில் மறைந்துபோக, ஒரு தோள் மட்டும் வெளியே தெரிகிறது. அதன்மேல் அளவெடுக்கும் நாடா ஒன்று தொங்குகிறது. பலகையில் பெயர்கள் பதினொன்று, படத்தில் முகங்கள் பத்து. இதை நான் ஓராண்டாக எண்ணிப் பார்க்கவில்லை.

6. காவலரிடம் தெரிவித்தேன். அவர் நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பவர். "பெரியவரே, உங்க தாத்தா உயரமாவே இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார். வீடு திரும்பும் வழியில் அதை யோசித்துப் பார்த்தேன். மருந்துக்கடையில் சீட்டு மாறி ஒட்டினால் இரண்டு புட்டிகள் கெட்டுப்போகும். அந்த நெட்டை மனிதரின் பெயர் இப்போது தாத்தாவின் தோளுக்குக் கீழே கிடக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் வந்தால் பார்ப்பதற்கு ஒரு நாடாதான் இருக்கும்.

7. நான் தவறாகவும் இருக்கலாம். படம் சட்டத்தின் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அதையும் அறிவேன்.

8. ஆயினும் அக்காவுக்கு வலக்கண்ணில் மட்டுமே பார்வை மிஞ்சியிருக்கிறது. அதுவும் மழைக்காலம் வரை தாங்கினால் பெரிது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அதன்பிறகு அந்த முகம் வெளிப்பட்டாலும் அது இன்னார் என்று சொல்ல எவரும் இல்லை. நானும் முன்போலவே யாரோ ஒருவரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே, அக்காவின் முன்னிலையில் சட்டத்தை ஒருமுறை கழற்றிக் காட்ட ஆணையிடும்படி வேண்டுகிறேன். திரும்ப மாட்டும் செலவு என்னுடையது. அவர் இல்லை என்று தலையசைத்தால் இம்மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இனித் தொந்தரவு தரமாட்டேன். ஆம் என்றால் பலகையைத் திருத்தி எழுதும்படி பிறகு தனியே விண்ணப்பிப்பேன். அதற்கு அவசரமில்லை.

"கழட்டிட்டாங்களா?" என்று அக்கா தினமும் காலையில் கேட்கிறார். இன்னும் கேட்கவே இல்லை என்று சொல்லத் தைரியமின்றி, ஆள் இல்லை, விடுமுறை என்று ஏதேதோ சொல்லி வந்தேன். நாளை காலை, எழுதி அனுப்பிவிட்டேன் என்று சொல்வேன்.

பணிவுடன்,
(கையொப்பம்)

நாள்: 9 ஜூன்
இடம்: மேற்கண்ட முகவரி

குறிப்பு: சென்ற முறை மிகவும் சிரமப்பட்டு ஏறிய முன்வாசல் படிகளை அக்காவால் இனி ஏற முடியாது. பின்வாசல் வழியாக அழைத்துவர அனுமதி வேண்டும்.